வெனிசின் அநாதை இல்லமும் விழுப்புரத்தின் இசைப் பள்ளியும்

விழுப்புரத்தில் மாவட்ட அரசு இசைப் பள்ளி ஒன்று இருக்கிறது. கலை பண்பாட்டுத் துறை நடத்தும் 17 மாவட்ட இசைப் பள்ளிகளில் அதுவும் ஒன்று. குரலிசை, தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம், நாதசுரம், தவில் என ஏழு பாடங்கள், மூன்றாண்டுப் படிப்பு. 12 வயது முதல் 25 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். நாதசுரம், தவில், தேவாரம் ஆகியவற்றுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தாலே போதும். திண்டிவனம், மயிலம், வானூர், செஞ்சிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதிகச் செலவில்லாமல் எட்டக்கூடிய முறையான இசைக் கல்வி இதுதான். ஏழு பாடங்களில் நான்கு, கருவிகளைப் பற்றியவை. ஆனால் அந்தக் கருவிகளுக்கென்றே இயற்றப்பட்ட படைப்புகள் பாடத்திட்டத்தில் எத்தனை என்று பார்த்தால் மிகச் சொற்பம். வயலின் கற்கும் பிள்ளை, பாட்டுக் கற்கும் பிள்ளை போகும் அதே வழியில்தான் போகிறது: சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம், கீர்த்தனை. குரலுக்காகப் பிறந்ததை வில்லால் வாசிக்கக் கற்கிறது. இந்தப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு ஆண்டுதோறும் தனியாக ஊதியம் கொடுத்து, அவர்களுடைய மாணவர்களின் கைக்கும் கருவிக்கும் பொருந்தும் புதிய படைப்புகளை இயற்றச் சொல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கோரிக்கை. இதற்கு வலுவான சான்று நம் ஊரில் இல்லை. ஐரோப்பாவின் கான்செர்டோ, சொனாட்டா என்ற இரண்டு வடிவங்களின் வரலாற்றில் இருக்கிறது.

கான்செர்டோ என்பது ஒரு கருவியை முன்னிறுத்தி, பின்னால் ஒரு குழுவை அமர்த்தி எழுதப்படுவது. தனிக் கருவி ஒன்றைச் சொல்லும், குழு அதற்கு விடை சொல்லும், சில இடங்களில் எதிர்த்து நிற்கும், சில இடங்களில் விலகி வழிவிடும். சொனாட்டா, தனிக் கருவிக்கோ இரண்டு கருவிகளுக்கோ எழுதப்படுவது. இரண்டும் பெரும்பாலும் மூன்று நான்கு பகுதிகளாக, விரைவும் நிதானமும் மாறி மாறி வர அமையும். இரண்டிலும் சொல் கிடையாது. பீத்தோவன் பியானோவுக்கு மட்டும் 32 சொனாட்டாக்கள் எழுதினார். ஹைடன், மோட்சார்ட், பாக் என்று அந்தப் பட்டியல் நீளும். தமிழ் வாசகருக்கு இந்தப் பெயர்கள் புதியவை அல்ல. திரையிசை வழியாகவும், பாக்கையும் தியாகராஜரையும் ஒரே தட்டில் வைத்து இளையராஜா 1986இல் வெளியிட்ட இசைத்தொகுப்பின் வழியாகவும் நெடுநாள் பழகியவை. ஆனாலும் இவை பிரபுக்களின் மாளிகையில் பிறந்து பட்டுத்திரைக்குப் பின்னால் வளர்ந்த ஆடம்பரக் கலை என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. கான்செர்டோவைப் பொறுத்தவரை அந்த எண்ணம் பாதிக்கு மேல் தவறு. அது உரம் பெற்ற இடங்களில் முதன்மையானது ஓர் அநாதை இல்லம்.

வெனிஸ் நகரத்தில் 14ஆம் நூற்றாண்டிலிருந்து பியெட்டா என்ற இல்லம் இருந்தது. வளர்க்க முடியாத பச்சைக் குழந்தைகளை அதன் சுவரில் இருந்த மாடம் ஒன்றில் வைத்துவிட்டுப் போவார்கள், இல்லம் எடுத்து வளர்க்கும். பெண் குழந்தைகளில் இசைத் திறன் உள்ளவர்களைப் பிரித்தெடுத்து வயலின், செல்லோ, ஓபோ, பாஸூன் என்று பயிற்றுவித்தார்கள். அவர்கள் தேவாலயத்தில் கம்பித் தட்டிக்குப் பின்னால் இருந்து வாசிப்பதைக் கேட்க ஐரோப்பா முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்தார்கள், நன்கொடையும் வந்தது. 1703இல் அங்கே வயலின் ஆசிரியராகச் சேர்ந்தவர் அந்த ஆண்டுதான் பாதிரியாராகப் பட்டம் பெற்றிருந்த அந்தோனியோ விவால்டி. அவருடைய வேலை நிரந்தரமானதல்ல. நிர்வாகக் குழு அவ்வப்போது வாக்கெடுத்துத்தான் அதை நீட்டிக்கும். 1709இல் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் அவர் வெளியேற்றப்பட்டார், 1711இல் திரும்ப அழைக்கப்பட்டார், 1716இல் கருவியிசைக் குழுவின் தலைமை ஆசிரியரானார். பிறகு ஊர் ஊராக இசை நாடகங்கள் நடத்தப் போய்விட்ட அவருடன் 1723இல் இல்லம் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தது: மாதம் இரண்டு கான்செர்டோ எழுதித் தர வேண்டும், ஊரில் இருக்கும் நாட்களில் நேரில் வந்து பெண்களோடு மூன்று நான்கு முறை ஒத்திகை பார்க்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பணம். 1723க்கும் 1733க்கும் இடையில் 140 கான்செர்டோக்களுக்கு அவருக்குப் பணம் கொடுக்கப்பட்டதாக இல்லத்தின் கணக்கேடுகள் காட்டுகின்றன. விவால்டி எழுதிய கான்செர்டோக்கள் மொத்தம் ஏறக்குறைய 500. உலகம் இன்று மேதைமையின் பெருக்காக வியக்கும் அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் ஒரு பள்ளியின் தேவையும், ஒரு நிர்வாகக் குழுவின் தீர்மானமும், கணக்கேட்டில் ஒரு செலவுத் தலைப்பும் இருந்தன.

அந்தப் பெண்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கருவியின் பெயரே அவர்களின் அடையாளம். அப்படி வயலின் அன்னா மரியா என்று அறியப்பட்டவருக்காக விவால்டி பல கான்செர்டோக்கள் எழுதினார், அவரும் பின்னாளில் அங்கேயே ஆசிரியையானார். விவால்டியின் படைப்புகளில் பாஸூனுக்கு மட்டும் 39 கான்செர்டோக்கள் இருக்கின்றன, அவற்றில் இரண்டு முற்றுப்பெறாதவை. பாஸூன் என்பது நம் நாதசுரத்தைப் போலவே இரட்டை நாக்கு கொண்ட சீவாளி வைத்து ஊதும் கருவி. அந்தக் காலத்தில் குழுவின் அடியில் கிடந்து தாங்கிப் பிடிப்பதே அதன் வேலை. அதை முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, அதற்கும் இவ்வளவு சொல்ல இருக்கிறது என்று காட்டியது அந்த 39 படைப்புகள். மாண்டலினுக்கும் எழுதினார். நம் மேடையில் உ. சீனிவாஸ் கையில் புகழ்பெற்ற அதே கருவிதான். எந்தக் கருவி கைவசம் இருந்ததோ, எந்த மாணவிக்கு எது முடிந்ததோ, அதற்கு எழுதினார். தமிழ்நாட்டில் 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பின்னர் விழுப்புரம் உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் விரிந்ததை அறிந்தவர்களுக்கு, வெனிசின் அந்தச் சுவர் மாடத்தைப் பற்றி விளக்கத் தேவையில்லை. கைவிடப்பட்ட பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் எழுத்தும் போதும் என்று அந்த நகரம் நினைக்கவில்லை. அவர்களுக்கென்று புதிய இசை எழுதப்பட வேண்டும் என்று நினைத்தது. என்னை மிகவும் அசைப்பது இதுதான்.

இது ஓர் ஊரின் விதிவிலக்கு அல்ல. படைப்பு என்பது குறிப்பிட்ட ஆளையும் குறிப்பிட்ட கருவியையும் பார்த்துப் பிறந்தது என்பதற்கு அந்த இசை வரலாறு முழுக்கச் சான்று கிடைக்கிறது. தொமெனிக்கோ ஸ்கார்லாட்டி எழுதிய 555 சொனாட்டாக்களில் பெரும்பாலானவை அவருடைய மாணவியான போர்த்துகல் இளவரசி மரியா பார்பராவின் விரல்களை நினைத்து எழுதப்பட்டவை. 1738இல் அச்சான தொகுப்புக்கு அவர் வைத்த பெயரே பயிற்சிகள் என்பதுதான். சாவித்துளைகள் கொண்ட புதுவகை ட்ரம்பெட் ஒன்றை வியன்னாவில் வைடிங்கர் என்ற கலைஞர் வாசிக்கத் தொடங்கியபோது, ஹைடன் 1796இல் அவருக்காகக் கான்செர்டோ எழுதினார். பழைய ட்ரம்பெட்டில் எழாத சுரங்களை அந்தப் புதுக் கருவி எழுப்பிக் காட்ட இடம் கொடுத்தார். நம் ஊர்த் திருமணங்களில் ஒலிக்கும், ஏ.கே.சி. நடராஜன் கருநாடக இசை மேடைக்கு உயர்த்திய கிளாரினெட்டுக்கு, மோட்சார்ட் 1791இல் தன் நண்பர் ஸ்டாட்லர் வாசிப்பதற்காக ஒரு கான்செர்டோ எழுதினார், அதே ஆண்டு இறந்தும் போனார். கிளெமென்டி 1797இல் வெளியிட்ட ஆறு சிறு சொனாட்டாக்கள் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கானவை. இன்றைக்கும் சென்னையில் பியானோ கற்கும் பிள்ளைகள் அவற்றைக் கடந்துதான் மேலே போகிறார்கள். பயிற்சிப் பாடமாக எழுதப்பட்டது கலையாகவும் நிற்க முடியும் என்பதை இவை காட்டுகின்றன.

நம் பக்கம் திரும்புவோம். கீர்த்தனையின் உயரத்தைக் குறைத்துப் பேச எனக்கு எந்த எண்ணமும் இல்லை. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அந்த அமைப்புக்குள் மும்மூர்த்திகளும் அவர்களுக்கு முன் சீர்காழி முத்துத்தாண்டவரும் செய்திருப்பது உலகின் எந்த இசைக்கும் ஈடானது. ஆனால் கருவிக் கலைஞன் அதை வாசிக்கும்போது, கேட்பவர் மனத்தில் சொற்களை ஓடவிடுவதுதான் சிறந்த வாசிப்பு என்று நாம் முடிவு செய்துவிட்டோம். வயலின் பாட வேண்டும், வீணை பாட வேண்டும், நாதசுரமும் பாட வேண்டும். வில்லின் துள்ளல், இரண்டு தந்திகளை ஒருசேர இழுக்கும்போது வரும் ஒலி, ஒரு தந்தியிலிருந்து எட்டத்துத் தந்திக்குத் தாவுவது போன்ற வயலினுக்கே உரிய திறன்கள் கச்சேரியில் ஆங்காங்கே தலைகாட்டும். ஆனால் அவற்றை மையமாக வைத்து எழுதப்பட்ட படைப்பு அரிது. வயலின் மேதை லால்குடி ஜெயராமன் இயற்றிய வர்ணங்களையும் தில்லானாக்களையும் இந்த இடத்தில் நன்றியோடு குறிப்பிட வேண்டும். கருவி வாசிப்பவரின் காதிலிருந்து பிறந்த அவை எவ்வளவு விரைவில் எல்லோர் மேடைக்கும் வந்து சேர்ந்தன என்பதே, அந்த இடம் எவ்வளவு காலியாகக் கிடந்தது என்பதற்கு அளவுகோல்.

சொல்லில்லாத கருவிப் படைப்பு நம்மிடம் இல்லவே இல்லை என்று சொன்னால் அது பிழை. மல்லாரி இருக்கிறது. திண்டிவனம் திந்திரிணீஸ்வரர் கோயிலானாலும் மயிலம் மலை முருகன் கோயிலானாலும், பெரிய மேளம் வைத்துச் சாமி புறப்பட்டால் முதலில் எழ வேண்டியது கம்பீரநாட்டையில் மல்லாரி. அதற்குப் பாட்டு வரிகள் கிடையாது. தவிலின் சொற்கட்டோடு பின்னிப் பிணைந்து, ஒரே வடிவத்தைப் பல காலங்களில் வாசித்து, திசிரமாக்கி விரித்துச் செல்லும் முழுமையான கருவிப் படைப்பு அது. தேருக்கு ஒரு மல்லாரி, தளிகைக்கு ஒரு மல்லாரி, தீர்த்தத்துக்கு ஒரு மல்லாரி என்று சடங்குக்கேற்ற வகைகளும் உண்டு. நாதசுர மரபில் ரக்தி என்ற சொல்லற்ற வடிவமும் உண்டு. ஆனால் இவற்றை அமைத்தவர்களில் எத்தனை பேருடைய பெயர் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது? பாடல் இயற்றியவருக்கு முத்திரை இருக்கிறது, சிலை இருக்கிறது, ஆராதனை விழா இருக்கிறது. மல்லாரி அமைத்த நாதசுரக்காரருக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை. இந்த மாவட்டத்தின் சொந்தக் கருவிகள் நிலை இன்னும் மோசம். மேல்மலையனூர் அங்காளம்மன் வழிபாட்டில் பம்பையும் உடுக்கையும் இல்லாமல் ஒன்றும் நடக்காது. இந்தப் பக்கத்துத் தெருக்கூத்தில் ஆட்டக்காரர் களரிக்கு வருவதற்கு முன்பே மிருதங்கமும் ஆர்மோனியமும் முகவீணையும் சேர்ந்து கூட்டத்தைக் கட்டிப் போட்டுவிடும். பம்பையும் முகவீணையும் அந்த ஏழு பாடங்களில் இல்லை. விவால்டி பாஸூனைப் பார்த்ததுபோல் பம்பையைப் பார்த்து, அதை முன்னால் நிறுத்தி எழுதிய ஒருவரை நாம் உருவாக்கவில்லை.

இது வெளிநாட்டுச் சரக்கு, நமக்கெதற்கு என்ற எதிர்ப்பு முதலில் வரும். கான்செர்டோவைப் பார்த்துப் படியெடுக்கச் சொன்னால் அந்த எதிர்ப்பு நியாயம். கோரிக்கை அதுவல்ல. கருவிக்கென்று இயற்றுவது, இயற்றியவருக்கு ஊதியம் தருவது, எழுதி வைப்பது ஆகிய மூன்று பழக்கங்களைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். ராகமும் தாளமும் நம்முடையவையாகவே இருக்கும். மேலும், எதை எடுத்துக்கொள்வது என்பதில் நம் முன்னோர் இவ்வளவு அஞ்சவில்லை. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியர் வாசித்த வயலினைக் கற்று நம் இசைக்குள் கொண்டுவந்தார். தீட்சிதரே ஐரோப்பிய மெட்டுகளுக்குச் சமஸ்கிருதச் சாகித்தியம் இட்டார், அவைதாம் நோட்டுஸ்வரங்கள். இன்று வயலின் இல்லாத கருநாடகக் கச்சேரி உண்டா? ஆர்மோனியம் இல்லாத கூத்துக் களரி உண்டா?

சுரத்தை எழுதி வைப்பது நம் மரபல்ல என்பதும் நிற்காது. புதுக்கோட்டை அருகே குடுமியான்மலைப் பாறையில், 7ஆம் நூற்றாண்டு எழுத்தமைதியில், பாட்டு வரி ஏதும் இல்லாமல் சுரக்கோவைகள் மட்டுமே ஏழு பகுதிகளாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவை யாழ் போன்ற தந்திக் கருவிக்கானவை என்றே அறிஞர் பலரும் கருதுகிறார்கள். விழுப்புரத்துக்கு அடுத்த திருவாமாத்தூரில் மடம் அமைத்து வாழ்ந்து 1898இல் மறைந்த வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள், வண்ணம் என்ற சந்த வடிவத்துக்கு ‘வண்ணத்தியல்பு’ என்ற இலக்கணமே எழுதினார். வண்ணத்தில் பொருளுக்கு முன்னால் நிற்பது தன, தந்த, தான என்ற சந்தக் குழிப்பு. சொல் பிறகு வந்து அதில் அமர்கிறது. சொல்லுக்கு முன்பே வடிவத்தை முழுமையாகக் காணும் அறிவு இந்த மண்ணில், இந்த ஊர்களுக்கு நடுவில் இருந்திருக்கிறது. வெனிசுக்குப் போய்க் கற்க வேண்டியது அந்த அறிவை அல்ல. அதைப் போற்றி வேலை வாங்கும் ஏற்பாட்டைத்தான்.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் ஆழமானது. நம் இசையின் உயிர் மனோதர்மம், எழுதிக் கொடுத்ததை வாசிக்கச் சொன்னால் அந்த உயிர் போய்விடும் என்பது. டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை என்பது உண்மை. ஆனால் கான்செர்டோ மனோதர்மத்தின் எதிரியாகப் பிறந்ததல்ல. முதல் பகுதி முடியும் தறுவாயில் குழு முழுவதும் நின்றுவிட, தனிக் கலைஞர் தன் போக்கில் வாசிக்கும் கடென்சா என்ற இடம் அதில் உண்டு. மோட்சார்ட்டும் பீத்தோவனும் தாங்கள் வாசிக்கும்போது அதை அந்த நேரத்திலேயே கற்பனை செய்தார்கள். 1788இல் எழுதிய ஒரு பியானோ கான்செர்டோவில் மோட்சார்ட் இடது கைக்குரிய பகுதியைப் பல இடங்களில் எழுதாமலே விட்டுவிட்டார். பீத்தோவன் 1803இல் தன் மூன்றாம் பியானோ கான்செர்டோவை அரங்கேற்றியபோது, பக்கம் புரட்ட அருகில் உட்கார்ந்தவர் பார்த்தது பெரும்பாலும் வெற்றுத்தாள்தான். கடென்சா ஒரு நீண்ட சுர நடுக்கத்தில் முடியும், அதுதான் குழு மீண்டும் உள்ளே வருவதற்கு அடையாளம். நம் தனி ஆவர்த்தனத்தில் மூன்று முறை வரும் கோர்வை செய்வதும் அதே வேலையைத்தான். பிற்காலத்தில் ஐரோப்பியர் கடென்சாவையும் எழுதி வைத்து, வாசிப்பவரின் கற்பனைக்கு இருந்த இடத்தைச் சுருக்கிக்கொண்டார்கள் என்பது உண்மை. என் பார்வையில் அது அவர்களுக்கு இழப்பு. நாம் அந்த இழப்பைப் பின்பற்ற வேண்டியதில்லை. கீர்த்தனை எழுதப்பட்டதால் நிரவலும் கற்பனை சுரமும் செத்துவிட்டனவா? கீர்த்தனையின் உறுதியான அடித்தளத்தில் ஏறித்தான் அவை வளர்ந்தன. நாதசுரத்துக்கும் பம்பைக்கும் எழுதப்படும் படைப்பும், நடுவில் ராகத்துக்கும் தனிக்கும் இடம்விட்டு எழுதப்படலாம்.

சொல் இல்லாத இசையை முன்வைப்பது தமிழிசை இயக்கத்தின் நோக்கத்துக்கு மாறானதல்லவா என்று கேட்பவர்களும் இருப்பார்கள். 1940களில் அந்த இயக்கம் போராடியது மேடையில் தமிழ்ச் சொல் ஒலிக்க வேண்டும் என்பதற்காக, அது வெல்ல வேண்டிய போராட்டம். ஆனால் தமிழிசை என்பது பாடகரின் வாயோடு முடிந்துவிடுவதா? பெரிய மேளத்தையும் பம்பையையும் முகவீணையையும் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வந்தவர்கள், சாதி அடுக்கில் கீழே தள்ளப்பட்டிருந்தாலும் இந்த மண்ணின் தாள அறிவையும் ராக அறிவையும் காத்தவர்கள். அவர்களைக் கச்சேரி உலகம் வாசிப்பவர்களாக ஏற்றுக்கொண்ட அளவுக்கு, இயற்றுபவர்களாக ஏற்றுக்கொள்ளவில்லை. பிறர் இயற்றிய பாடலை, பெரும்பாலும் தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் இருப்பதை, நன்றாக வாசித்தால் பாராட்டுகிறோம். தங்கள் கருவிக்குத் தாங்களே எழுதி, அதில் தங்கள் பெயரைப் பதிக்கும் உரிமை அவர்களுக்குக் கிடைப்பதுதான் தமிழிசை இயக்கம் தொடங்கியதன் அடுத்த கட்டம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பக்தி குறைந்துவிடும் என்ற அச்சமும் வேண்டாம். மல்லாரிக்கு வரிகள் இல்லை என்பதால் தேர்வடம் பிடிப்பவரின் கண்ணில் நீர் வராமல் போவதில்லை.

இவையெல்லாம் மாமேதைகள் செய்ய வேண்டிய காரியம், மாவட்ட இசைப் பள்ளி ஆசிரியரால் ஆகுமா என்ற சந்தேகமும் எழும். ரவிசங்கர் 1971இல் லண்டன் சிம்பொனி இசைக்குழுவோடு சித்தார் கான்செர்டோ வாசித்தார். இளையராஜா 2025 மார்ச் 8ஆம் நாள் லண்டனில் தன் சிம்பொனியை ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு அரங்கேற்றினார், தமிழ்நாடே அதைத் தன் பெருமையாகக் கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்தச் சாதனைகள் நடந்த இடம் லண்டன். அவற்றை வாசித்த குழுக்களும் அங்கேயே வளர்ந்தவை. ஒரு சிம்பொனியைக் கொண்டாடும் சமூகம், அதன் அடியில் இருக்க வேண்டிய நூறு சிறு படைப்புகளைப் பற்றியும் யோசிக்க வேண்டும். விவால்டியின் காலத்து வெனிசிலும் பியெட்டாவைப் போல இன்னும் மூன்று இல்லங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் இசை ஆசிரியர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். அவர்களில் பலர் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. அவர்கள் எழுதியது போட்டியையும் தரத்தையும் கேட்கும் காதையும் உண்டாக்கியது. அந்தச் சூழலில் ஒரு விவால்டி வந்தார். சூழலை உண்டாக்காமல் மேதைக்காகக் காத்திருப்பது பயன் தராது.

கேட்கும் காது நம் மாவட்டத்தில் இல்லை என்றும் சொல்ல முடியாது. 1968இல் தொடங்கப்பட்ட ஆரோவில்லின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில்தான் இருக்கிறது. அங்குள்ள அரங்குகளில் பியானோ சொனாட்டாக்களும் சேர்ந்திசையும் ஒலிக்கின்றன. சுற்றுவட்டாரக் கிராமத்து இளைஞர்கள் இசைக்கருவிகள் செய்யும் ஸ்வரம் என்ற பட்டறையும் அங்கே உண்டு. திண்டிவனத்திலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் பீத்தோவனைக் கேட்கலாம் என்பது தமிழ்நாட்டில் வேறு எத்தனை ஊர்களுக்கு வாய்த்திருக்கிறது? ஆனால் இசைப் பள்ளி மாணவருக்கும் அந்த அரங்குக்கும் இடையே வழக்கமான போக்குவரத்து ஏதும் ஏற்படவில்லை. பம்பைக் கலைஞர் அங்கு போவதும், அங்குள்ள செல்லோக் கலைஞர் விழுப்புரம் வந்து மல்லாரி கேட்பதும் ஆண்டுத் திட்டத்தில் சேர்க்கப்பட வேண்டியவை. செலவென்று பார்த்தால் பேருந்துக் கட்டணம்தான்.

பணத்தைப் பற்றி நேராகப் பேசிவிடுவோம். 17 பள்ளிகளும் ஆண்டுக்கு இரண்டு படைப்புகள் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 34, பத்தாண்டில் 340 படைப்புகள். ஒவ்வொன்றுக்கும் இயற்றிய ஆசிரியருக்கு ஒரு மாத ஊதியத்துக்கு ஈடான தொகை கொடுத்தாலும், ஒரு துறையின் ஆண்டுக் கணக்கில் அது பெரிய செலவே அல்ல. 340இல் 300 மறக்கப்படலாம், மறக்கப்படட்டும். மீதி 40 நாதசுர மாணவரும் வயலின் மாணவரும் தலைமுறைதோறும் கற்கும் பாடமாகும். படைப்புகளைச் சுரதாளக் குறிப்போடு அச்சிட வேண்டும், ஒலிப்பதிவும் செய்ய வேண்டும். இதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. விவால்டி 1741இல் வியன்னாவில் ஏழையாக இறந்தார், கொஞ்சக் காலத்தில் மறக்கப்பட்டார். 1926இல் வட இத்தாலியில் ஒரு கிறித்தவ சபைப் பள்ளியின் வசம் கிடந்த பழைய கைப்பிரதிகளைச் சோதித்தபோதுதான், அவருடைய படைப்புகள் கட்டுக்கட்டாகக் கண்டெடுக்கப்பட்டன. ஏறக்குறைய 200 ஆண்டுகள் யாரும் தொடாமல் கிடந்த இசை, தாளில் இருந்ததால் உயிரோடு திரும்பியது. நம் மல்லாரிக்காரர்களுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை.

நடைமுறை கடினமானதல்ல. பள்ளி ஆண்டு விழாவில் புதிய படைப்பு ஒன்று கட்டாயம் அரங்கேற வேண்டும். ஒரு கருவி முன்னிற்க, மற்ற மூன்று கருவி வகுப்புகளும் துணை நிற்க வேண்டும். இரண்டாண்டுக்கு ஒருமுறையாவது பம்பை, உடுக்கை, முகவீணைக் கலைஞர் ஒருவரை மதிப்பூதியம் கொடுத்து அழைத்து, அவருடைய கருவிக்கு ஒரு படைப்பு அமைக்க வேண்டும். அறநிலையத் துறை தன் கோயில்களின் பெருவிழாக்களில் இந்தப் புதிய மல்லாரிகளுக்கு ஒரு நாள் ஒதுக்கலாம், அறிவிப்பில் இயற்றியவர் பெயரைச் சொல்லலாம். தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் வாசிப்புக்கு விருது தருவதுபோல் கருவிப் படைப்புக்கும் தனி விருது ஏற்படுத்தலாம். இவற்றில் எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை. கலை பண்பாட்டுத் துறை வரும் கல்வியாண்டிலேயே விழுப்புரம் பள்ளியில் இதைத் தொடங்கட்டும்: ஒரு நாதசுரம், ஒரு தவில், ஒரு வயலின், ஒரு மிருதங்கம், அழைத்து வரப்பட்ட ஒரு பம்பை, அவற்றுக்கென்று எழுதப்பட்ட ஒரே ஒரு படைப்பு, கீழே இயற்றியவரின் பெயர்.